மூன்றாவது மூட்டை

கோழிக் குப்பையிலிருந்து எண்ணெய் எடுக்கப் போகிறேன் என்று சொல்லி இன்ஜினியரம்மா வாய்க்கால் ஓரம் கொட்டகை போட்டபோது ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அப்படியே மூக்கையும் சேர்த்துப் பொத்திக்கொண்டது. எள்ளில் எண்ணெய் வரும், கடலையில் வரும், கோழி போட்டதில் எங்கிருந்து வரும் என்று டீக்கடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார். இப்போது ஆறு வருடமாயிற்று. செங்கல் சூளைக்கு வாரம் இரண்டு வண்டி எண்ணெய் போகிறது. வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசியவர்கள் எல்லாம் தங்கள் பண்ணைக் குப்பையைக் கொண்டுவந்து வரிசையில் நிற்கிறார்கள். டீக்கடைக்காரர் மட்டும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

அந்தக் கொட்டகையில் உலையைப் பார்த்துக்கொள்பவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஊருக்கு மறந்து வெகு நாளாகிறது. அடுப்புக்காரன் என்றால்தான் தெரியும். நாற்பத்தொரு வயது. கல்யாணம் இன்று நாளை என்று தள்ளிப்போய், கடைசியில் அந்தப் பேச்சே நின்றுபோயிற்று. இந்த நாற்றத்துக்கு எவள் வருவாள் என்று அவனே முந்திக்கொண்டு சொல்லிவிடுவான். அடுத்தவர் சொல்லிக் கேட்பதைவிட அது மேல்.

வேலை ஒன்றும் மந்திரமில்லை. பண்ணையில் கோழிகளுக்கு அடியில் பரப்பிய மரத்தூளும் அதன்மேல் விழுந்த எச்சமும் கலந்த குப்பையை வாரி வந்து உலர்த்த வேண்டும். கையில் அள்ளி அழுத்தினால் உருண்டையாக நிற்காமல் உதிர்ந்துபோனால் பதம் சரி. மூன்று பங்கு குப்பைக்கு ஒரு பங்கு மரச் சில்லு சேர்க்க வேண்டும். குப்பையை மட்டும் போட்டால் எண்ணெய் கூழாக வந்து குழாயை அடைக்கும். மரம் சேர்ந்தால் இளகி ஓடும். இரண்டையும் காற்றுப் புகாத இரும்பு உருளைக்குள் போட்டு அடியில் தீ மூட்டினால், உள்ளே எரிய வழியில்லாமல் எல்லாம் வெந்து புகையாகிவிடும். அந்தப் புகை தண்ணீர் சுற்றிய குழாய் வழியாக வரும்போது குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கறுப்பு எண்ணெய் விழும். குளிருக்கும் அடங்காத புகை திரும்ப அடுப்புக்கே போய் எரியும். உருளையில் கடைசியாக மிஞ்சுவது கரி.

கரியில்தான் சூட்சுமம். அதைச் சுரண்டி இரும்புப் பீப்பாயில் கொட்டி, மூடி போட்டு, விளிம்பில் ஈரக் களிமண் பூசி இரண்டு ராத்திரி அப்படியே விட வேண்டும். ஒரே ராத்திரியில் திறந்து கை வைத்துப் பார்த்தால் மேலே பழைய சோறு மாதிரி சில்லென்றுதான் இருக்கும். அடியில் எங்கேயோ ஒரு கைப்பிடி உயிரோடு கிடக்கும். காற்றுப் பட்டதும் மெல்ல விழித்துக்கொள்ளும். நீறு பூத்த நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள். அடுப்புக்காரன் ஒவ்வொரு பீப்பாயின் மேலும் மூடிய நாளையும் நேரத்தையும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைப்பான். இரண்டு ராத்திரிக்கு முன்னால் கடவுளே வந்து கேட்டாலும் மூடி திறக்காது என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பான்.

கடவுள் வரவில்லை. அக்கா வந்தாள்.

அவனுக்கு மூன்று வயதிலேயே அம்மா போய்விட்டாள். அப்போது பன்னிரண்டு வயதிலிருந்த அக்கா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தவள், பள்ளிக்கூடம் சேர்க்கிற வரைக்கும் இறக்கவில்லை. இன்றைக்கும் அவள் நடையில் இடப்பக்கமாக ஒரு சாய்வு இருக்கும். அது நான் கொடுத்த சீதனம் என்று அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். கல்யாணமாகிப் போகும்போதும் தம்பியைக் கூட்டிக்கொண்டுதான் போனாள். மாமா ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. ஒன்றுக்கு இரண்டாகக் கிடைத்தது என்று சிரித்தாராம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு, வீட்டுக்குப் பின்னால் மரக்கால் நட்டு, கம்பிவலை அடித்த இரண்டு கோழிக் கொட்டகைகள். அடுப்புக்காரன் தங்குவது எண்ணெய்க் கொட்டகையை ஒட்டிய அறையில் என்றாலும், மத்தியானச் சாப்பாடு என்றைக்கும் அக்கா வீட்டில்தான்.

அன்றைக்குப் புதன்கிழமை. அதற்கு முன் ஒரு வாரமாக விடாத மழை. அக்காவின் கோழிக் கொட்டகைக்குள் மரத்தூள் நனைந்து, கோழி எச்சத்தோடு சேர்ந்து புளித்து, கண்ணில் நீர் வரவைக்கிற நெடி அடித்தது. அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சுகாதார ஆபீசர் மறுநாள் பத்து மணிக்குப் பார்வையிட வருவதாகத் தாள் வந்தது. கரித்தூளைக் குப்பையில் கலந்து பரப்பினால் நெடி அடங்கும், அது அக்காவுக்கும் தெரியும். காலை எட்டு மணிக்குக் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

ஆறின கரி எல்லாம் தோட்டக்காரர்கள் வாங்கிப்போய்விட்டார்கள். இருந்தது முந்தின நாள் சாயங்காலம் மூடிய பீப்பாய் ஒன்றுதான். இன்னொரு ராத்திரி ஆகட்டும், வியாழக்கிழமை விடிந்ததும் நானே கொண்டுவந்து போடுகிறேன் என்றுதான் அவன் முதலில் சொன்னான். விடிந்து போட்டு, அது நெடியை இழுத்து, பத்து மணிக்குள் எப்படி அடங்கும் என்று அக்கா கேட்டாள். கொட்டகையைப் பூட்டச் சொல்லிவிட்டால் இரண்டாயிரம் குஞ்சையும் கொண்டுபோய் எங்கே விடுவது என்று கேட்டாள். அப்புறம் ஒன்றும் கேட்காமல் வண்டிப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டபோது மறுத்தவனுக்கு, கேட்காமல் நின்றபோது மறுக்க முடியவில்லை.

களிமண்ணைத் தட்டி மூடியைத் திறந்தான். குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தான். முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினான். சில்லென்று இருந்தது.

"ஆறிடுச்சு, எடுத்துட்டுப் போ."

இவ்வளவுதான் அவன் சொன்னது. ஆறு மூட்டை. வண்டி வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றான். அக்காவுக்கு ஒரு உதவி செய்துவிட்டோம் என்ற சந்தோஷம்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைக்கிறபோதுதான் பிற்பாடு அவனுக்கு அதிகமாக வலித்தது.

மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். மழை விட்டு நல்ல காற்று. உலையின் சூட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கியபோது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புகை தெரிந்தது. எண்ணெய்ப் புகையும் தெரியும், விறகுப் புகையும் தெரியும் அவனுக்கு. இது இறகு கருகுகிற புகை. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினான்.

முதல் கொட்டகை கூரையோடு எரிந்துகொண்டிருந்தது. மாமா உள்ளே போய் வலையைக் கிழித்துக் குஞ்சுகளை அள்ளி அள்ளி வெளியே வீசினார். நூறோ நூற்றைம்பதோ பிழைத்திருக்கும். இரண்டாவது கொட்டகைக்குப் பரவாமல் ஆள் கூடித் தண்ணீர் அடித்து நிறுத்தினார்கள். எல்லாம் அடங்கியபோது மாமாவின் இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து தொங்கியது. கூட்டத்தில் யாரோ, எப்படிப் பிடித்தது என்று கேட்டார்கள்.

அடுப்புக்காரனுக்கு எப்படிப் பிடித்தது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தான். திறந்தான் என்பதற்கு யாரும் சாட்சி இல்லை, ஆனால் திறந்தான். அதற்குள் மாமா அவனை முந்திக்கொண்டார்.

"நான்தான். சாப்பிட்டு வந்து பின்னாடி நின்னு ஒரு சிகரெட் பிடிச்சேன். அணைச்சேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல."

சொல்லிவிட்டுச் சேற்றில் உட்கார்ந்து அழுதார். நெஞ்சு வலி வந்து டாக்டர் திட்டியபோது, இனிமேல் தொடமாட்டேன் என்று அக்காவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்த மனிதர். இரண்டு வருடமாகத் தொடவில்லை என்றுதான் அவளும் நம்பியிருந்தாள். அக்கா அவரைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள், பிறகு எரிந்த கொட்டகையைப் பார்த்தாள். வீட்டுக்குள் போய்விட்டாள். அடுப்புக்காரன் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் பத்து மணிக்குச் சுகாதார ஆபீசர் சொன்னபடியே வந்தார். சாம்பலைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, புகாரில் சொன்ன நாற்றம் தற்போது இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அக்கா மாமாவோடு பேசவில்லை. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், புண்ணுக்கு மருந்து போடுவாள். பேச்சு மட்டும் கிடையாது. மத்தியானம் அடுப்புக்காரன் சாப்பிட உட்காரும்போது மாமா எதிரே உட்கார்ந்திருப்பார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, உங்க மாமாவுக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு என்று அக்கா தம்பியிடம் சொல்வாள். வேண்டாம்னு சொல்லு மாப்ளே என்பார் அவர். நடுவில் தபால்காரன் மாதிரி இவன். அவனுடைய தட்டில் எப்போதும்போல இரண்டு முட்டை இருக்கும். அதில் ஒன்றையாவது மாமா தட்டுக்கு நகர்த்தலாம் என்று பார்த்தால் அவர் கையால் மறைத்துக்கொள்வார். திருடியவன் வீட்டிலேயே பறிகொடுத்தவன் வந்து குனிந்து உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவனுக்கு. ஆனாலும் தட்டைக் காலி செய்தான். மிச்சம் வைத்தால் என்னடா ஆச்சு என்று அக்கா கேட்டுவிடுவாளோ என்ற பயம்.

மாமாவிடம் புதிதாக ஒரு பழக்கம் வந்திருந்தது. வெளியே போய்விட்டு வந்தால் வாசலிலேயே நின்று, பேண்ட் பாக்கெட் இரண்டையும் உள்பக்கம் வெளியே வரும்படி இழுத்துக் காட்டுவார். யாரும் காட்டச் சொன்னதில்லை. அக்கா பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவர் பாக்கெட்டைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டு காலைக் கழுவப் போவார். அறுபதை நெருங்கும் மனிதர். தன்னைத் தோளில் வைத்துச் சந்தைக்கெல்லாம் கூட்டிப்போனவர் அப்படி நிற்பதைப் பார்க்கும்போது, எழுந்து கத்திவிடலாமா என்று அடுப்புக்காரனுக்கு வரும். கத்தினால் என்ன ஆகும் என்ற கணக்கும் கூடவே வரும். உலை வேலை போகும், அதுகூடப் போகட்டும். அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

அவனுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு தூண் இருந்தது. மாமா சிகரெட் பிடித்தது நிஜம்தானே? அணைத்தாரா என்று அவருக்கே தெரியவில்லையே? அதுவாகவும் இருக்கலாமே? இந்த 'இருக்கலாமே'யைத்தான் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் கட்டிக்கொண்டு திரிந்தான்.

திங்கட்கிழமை இன்ஜினியரம்மா அந்தத் தூணில் கை வைத்தார், தெரியாமல்தான். எரிந்த கொட்டகையில் பாதி வேகாத குப்பை மலையாகக் கிடக்கிறது, மரக்காலும் கிடக்கிறது, மழையில் அழுகிப்போவதற்கு இங்கே கொண்டுவந்தால் ஒரு உலைக்கு ஆகுமே என்றார். செத்த குஞ்சுகளைத்தான் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாகிவிட்டது. மிச்சம் குப்பையும் மரமும், இவர்களுக்கு வேண்டிய சரக்கு. மாமா டிராக்டர் வாடகைக்குப் பிடித்து மூன்று நடையாகக் கொண்டுவந்து இறக்கினார். கையில் துணி சுற்றிக்கொண்டு தானும் கூட நின்று வேலை செய்தார். வியாழக்கிழமை காலை பஸ்ஸுக்கு அவர் ஊரை விட்டுப் போவதாக இருந்தது. அண்ணன் இருக்கிற ஊரில் ஏதோ குடோனுக்குக் கேட் காவலாளி வேலையாம். உங்க அக்கா முகத்தை நான் பார்க்கிறது அவளுக்கும் தொந்தரவு, எனக்கும் தொந்தரவு மாப்ளே என்று சொல்லியிருந்தார். திரும்பி வருகிற நாளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு பேரும் குப்பையைக் கொட்டகைத் தரையில் பரப்பி உலர்த்தினார்கள். மரக்கால்களை மெஷினில் கொடுத்துச் சில்லாக்கினார்கள். மாமா எடுத்துக் கொடுப்பார், அடுப்புக்காரன் மெஷினுக்குள் தள்ளுவான். ஒரு மரக்காலை நீட்டி, இது நல்லாக் காய்ஞ்ச மரம், இதைப் போடு என்றார். வாங்கியவன் கை அப்படியே நின்றது. மூலையில் நின்ற கால் அது. உள்பக்கம் அடியிலிருந்து இடுப்பு உயரத்துக்கு உள்ளே குடைந்துகொண்டு போகிற மாதிரி எரிந்து கரியாகியிருந்தது. அதில் கரி மூட்டையின் பிளாஸ்டிக் சாக்கு உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கம் பாசி பச்சையாகவே இருந்தது. மாமா நின்று சிகரெட் பிடித்த பக்கம் பாசி இருந்த பக்கம். தீ வெளியிலிருந்து உள்ளே போகவில்லை, உள்ளேயிருந்து வெளியே வந்திருக்கிறது. ஆறு வருடமாக மரத்தையும் நெருப்பையும் பார்க்கிறவனுக்கு இதைப் படிக்க எழுத்து வேண்டியதில்லை.

"என்ன மாப்ளே, ஆணி ஏதும் இருக்கா?"

"இல்ல மாமா."

மெஷினுக்குள் தள்ளினான். மூன்று நிமிஷத்தில் அந்தக் கால் மற்ற சில்லுகளோடு சில்லாகிவிட்டது. காற்று அன்றைக்கு எப்படிச் சுற்றியடித்ததோ, பாசி ஈரத்தில் எரியாமல் நின்றிருக்கும் என்று மனசுக்குள் ஒரு முட்டு கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை உலை ஏற்றினார்கள். எண்ணெய் விழ ஆரம்பித்தபோது மாமா முதன்முறையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் இதைப் பார்க்க நேரம் வரவில்லை என்றார். நம்ம கொட்டகைதான் சொட்டுது இல்ல மாப்ளே என்று கேட்டார். அவன் ஆமாம் என்றான். சாயங்காலம் கரியைச் சுரண்டிப் பீப்பாயில் கொட்டி மூடி போடும்போது களிமண்ணை அவர்தான் குழைத்துக் கொடுத்தார், விரல் நுனியால், உள்ளங்கையில் படாமல்.

"இது ஆற எவ்வளவு நேரம் ஆகும்?"

அடுப்புக்காரன் அவர் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிற முகம்தான்.

"ரெண்டு ராத்திரி மாமா."

"அம்மாடி. உனக்குப் பொறுமைதான். எனக்கு ஒரு சிகரெட்டைக் காலால மிதிச்சு அணைக்கிற பொறுமைகூட இல்லாமப் போச்சு பாரு."

சுண்ணாம்புக் கட்டியை எடுத்து மூடியில் நேரம் எழுதினான். எழுத்து கோணலாக வந்தது. இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, வியாழக்கிழமை விடிந்தால் இவர் போய்விடுவார், போனபிறகு சொல்லி என்ன, சொல்லாமல் என்ன என்று நினைத்தான்.

புதன்கிழமை காலை யாரும் வருவதற்கு முன் அந்தப் பீப்பாயைத் திறந்தான். சரியாக ஒரு ராத்திரி. அன்றைக்குச் செய்த மாதிரியே தண்ணீர் அடித்தான், அன்றைக்கு மாதிரியே முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினான். சில்லென்று இருந்தது. ஒரு சாக்கில் அள்ளிக் கட்டி, சுற்றிலும் எதுவும் இல்லாத வெட்ட வெளியில், காற்று படுகிற இடமாகப் பார்த்து வைத்தான். இது ஆறியிருக்க வேண்டும். இது மட்டும் இப்படியே குளிர்ந்து கிடந்துவிட்டால் அன்றைக்கும் அப்படித்தான், மாமாவின் சிகரெட்தான். மாமாமேல் பழி உறுதியாக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. உறைத்தும் வேண்டிக்கொண்டான். அதைவிடக் கேவலமாகத் தன்னை அவன் வாழ்நாளில் உணர்ந்ததில்லை.

பத்து மணிக்குத் தொட்டுப் பார்த்தான், சில்லென்று இருந்தது. பதினொன்றுக்கும் அப்படியே. பன்னிரண்டுக்கு வெயில் சூடா உள்சூடா என்று தெரியாத ஒரு சூடு. மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. இரண்டு மணிக்குச் சற்று முன்னால் சாக்கின் அடித் தையலிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை கிளம்பியது. காற்று வந்தது, நூல் கயிறாயிற்று. கையில் தண்ணீர் வாளி இருந்தும் ஊற்றத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தான். சாக்கு உருகி ஓட்டை விழுந்து, உள்ளே சிவப்பாக ஒரு கண் தெரிந்தது.

பின்னாலிருந்து இன்ஜினியரம்மா ஓடி வந்து வாளியைப் பிடுங்கி ஊற்றினார். புகைச்சலில் இருமிக்கொண்டே போய், கொட்டகை வாசலில் திறந்து கிடந்த பீப்பாயின் மூடியில் எழுதியிருந்த நாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"ஒரே ராத்திரியில திறந்தீங்களா? நீங்களா?"

"ஆமாம்மா." அந்த மூடியைத் தூக்கிப் பீப்பாயில் வைத்தான். "போன புதன்கிழமையும்."

அந்தம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு பீப்பாய் ஓரமாகவே உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. முதலில் வீட்டில் போய்ச் சொல்லுங்கள், என் பேச்சு அப்புறம் என்று மட்டும் சொல்லி எழுந்து போய்விட்டார்.

அக்கா கொல்லைப்புறத்தில் குந்தி உட்கார்ந்து கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கிற தட்டுகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பது ஐம்பது தட்டு இருக்கும். கழுவினவை வெயிலில் கவிழ்ந்து கிடந்தன. ஏன்டா சாப்பிட வரலை என்றாள், திரும்பாமலே. அவன் நின்றுகொண்டே சொன்னான். பீப்பாய் ஆறியிருக்கவில்லை. மேலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆறிவிட்டது என்று சொன்னேன். தீ உன் மூட்டையிலிருந்துதான் வந்தது, மாமாவால் இல்லை. எட்டு நாளாகத் தெரியும், சொல்லவில்லை. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னான். இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும்.

அக்கா கையிலிருந்த தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது சுத்தமாகி எவ்வளவோ நேரமாகியிருந்தது.

"மூணாவது மூட்டை," என்றாள்.

"என்னக்கா?"

"சேத்துல வண்டி உள்ள போகல. ஒவ்வொண்ணா இடுப்புல வச்சுக் கொண்டுபோனேன். ரெண்டு மூட்டை சில்லுன்னு இருந்துச்சு. மூணாவது வெதுவெதுன்னு இருந்துச்சு. ஒரு வாரமா நனைஞ்சு நடுங்கிட்டு இருந்த உடம்பா, இதமா இருந்துச்சுடா. இறக்கி வைக்கவே மனசு வரல. கொஞ்ச நேரம் அப்படியே வச்சுக்கிட்டு நின்னேன்."

அடுப்புக்காரன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்போ உனக்கு..."

"தீயைப் பார்த்த உடனே தெரியும். அவர் நான்தான்னு சொல்றாரு, நான் உன்னைப் பார்க்கறேன். நீ வாயைத் திறக்கப் போறே. திறந்துடாதேன்னு வேண்டிக்கிட்டேன். உன் வேலை போயிடும், ஊர் உன்னைக் காரித் துப்பும், அப்புறம் நீ எங்கே போவே? அவருக்கு நான் இருக்கேன். உனக்கு யாரு இருக்கா? அவரும் சத்தியம் பண்ணிட்டுப் பிடிச்சாருதானே, கொஞ்ச நாள் வாங்கிக் கட்டிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அதுக்காக அவரோட பேசாமலே..."

"கோபத்துலன்னு நினைச்சியா?" அக்கா முதல் முறையாகத் திரும்பி அவனைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "அவர்கிட்ட வாயைத் திறந்தா இதுதான் முதல்ல வரும். வேற எதையும் பேசத் தெரியல எனக்கு. அதான் மூடிக்கிட்டேன்."

அழுதது யார் முதலில் என்று சொல்ல முடியாது. அவனைத் தூக்கித் தூக்கிச் சாய்ந்துபோன இடுப்பு அது. அதில் அந்த மூட்டையை ஏற்றி அனுப்பியவன் அவன். அவனைக் காப்பாற்ற, கட்டிய புருஷனை எட்டு நாளாகக் குனிய வைத்திருந்தாள் அவள். தான் ஒருத்தனாகச் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்த பாரத்துக்கு மறுமுனையில் அக்காவும் தோள் கொடுத்து நின்றிருக்கிறாள் என்பது அவனுக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் கூடுதலாக வெட்கமாக இருந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து தூக்கி அவர் தலையில் அல்லவா வைத்திருக்கிறோம் என்று பட்டது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பையெல்லாம் கட்டிவிட்டார், விடியற்காலைப் பஸ் என்றாள். வா, இப்பவே என்றாள்.

மாமா மிச்சமிருந்த கொட்டகைக்குள் இருந்தார். தண்ணீர்க் குழாய் மூட்டில் ரொம்ப நாளாகக் கசிவு. தான் போனபிறகு அவள் தனியாக அவதிப்படக் கூடாது என்று, பழைய டியூப் ரப்பரைக் கிழித்துச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். துணி சுற்றிய கையால் முடிச்சுப் போட முடியாமல் ஒரு முனையைப் பல்லால் கடித்திருந்தார். சுற்றிலும் கோழிகள் அவர் காலைக் கொத்திக்கொண்டு நின்றன. கம்பிவலைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினார்.

இரண்டு பேரும் ஒன்றாக வருவதை அந்த எட்டு நாளில் அவர் பார்த்ததில்லை. முன்னால் அக்கா, பின்னால் தம்பி, இரண்டு பேர் முகமும் சரியில்லை. ரப்பரை வாயிலிருந்து விட்டார். சட்டென்று எழுந்து நின்றார்.

"என்னங்க," என்றாள் அக்கா.

எட்டு நாளைக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. அடுத்த வார்த்தை வருவதற்குள் மாமா இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டு உள்துணியை வெளியே இழுத்துவிட்டார்.

"காலையிலேருந்து தொடலம்மா. பாரு. மாப்ளே, நீயும் பாரு."

பாக்கெட் இரண்டும் இரண்டு பக்கமும் தொங்கின. இவர்கள் இரண்டு பேரும் அந்தப் பாக்கெட்டுகளையே பார்த்தார்கள். நம்பவில்லையோ என்று அவர் குனிந்து பார்த்தார். இடது பாக்கெட்டின் மூலையில் கொஞ்சம் மரத்தூள் ஒட்டியிருந்தது. அதையும் விரலால் தட்டிவிட்டு, மறுபடி நன்றாக இழுத்துப் பிடித்துக் காட்டினார்.